ரிசர்வ் படையிலிருந்து மருத்துவக் காரணத்தால் விலகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கத் தரைப்படையின் ரிசர்வ் பிரிவில் தமிழர்களும் பணியாற்றுகிறார்கள். 2009இல் தொடங்கி, 2016இல் புதிய ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டம், தமிழ் உள்ளிட்ட சில மொழிகளை அறிந்த வெளிநாட்டவரை க்ரீன் கார்டு இல்லாமலேயே படையில் சேர்த்துக்கொண்டது. அதன் வழியாகவே பலர் குடியுரிமையும் பெற்றார்கள். அவர்களில் ஒருவருக்கு முதுகோ முழங்காலோ மனநலமோ கெட்டு, இனிப் பணியில் தொடர இயலாது என்ற நிலை வந்தால், மருத்துவக் காரணத்தால் விலகச் சட்டப்படி வழி உண்டு. ஆனால் எந்த நிலையில், எந்த ஆவணங்களோடு விலகுகிறார் என்பதைப் பொறுத்து, ஆயுள் முழுவதும் ஓய்வூதியமும் கிடைக்கலாம், வெறுங்கையோடும் வெளியேற நேரலாம்.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு, பணியின்போது நேர்ந்த காயத்தை உடனே பதிவு செய்யாமல் விடுவது. முழுநேரச் சிப்பாய்க்கு வரும் நோய் பெரும்பாலும் பணிக்காலத்தில் வந்ததாகவே கொள்ளப்படும். ரிசர்வில் இருப்பவரோ மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு வாரப் பயிற்சியும் தவிர மற்ற நாள்களில் சாதாரணக் குடிமகன். ஆகவே அவர் எவ்வளவு நோயுற்றிருக்கிறார் என்பதற்கு முன்பாகவே, அந்த நோய் பணியில் இருந்தபோது வந்ததா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு அதிகாரபூர்வமாக விடை சொல்வது ‘லைன் ஆஃப் டியூட்டி’ எனப்படும் விசாரணை முடிவு. பணிக்காலம் முடிந்த 180 நாள்களுக்குள் அதைக் கோர வேண்டும் என்பது பாதுகாப்புத் துறையின் விதி.

நடப்பதோ பெரும்பாலும் வேறு. சனிக்கிழமை ‘டிரில்’ எனப்படும் மாதாந்திர வார இறுதிப் பயிற்சியில் வண்டியிலிருந்து குதிக்கும்போது முழங்கால் பிசகுகிறது. வலிமாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு ஞாயிறு மாலை வரை சமாளித்து வீடு திரும்புகிறார். வாரம் கழித்துத் தம் சொந்த மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் ‘சில நாள்களாக முழங்கால் வலி’ என்று எழுதி வைக்கிறார். டிரில் என்ற சொல் அந்தக் குறிப்பில் எங்கும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அறுவை சிகிச்சை வரை போனபின், அந்தக் காயம் கால்பந்து ஆடும்போது ஏற்படவில்லை என்று நிரூபிக்க அவரிடம் ஒரு தாளும் இருக்காது. அன்றே யூனிட்டின் மருத்துவ உதவியாளரிடம் சொல்லிச் சிக் ஸ்லிப் என்னும் நோய்ச் சீட்டைப் பெறுவதும், அருகில் இருந்தவர்களின் சாட்சியத்தை எழுத்தில் வாங்குவதும், வெளி மருத்துவரிடம் ‘இன்ன தேதியில், ராணுவப் பயிற்சியில்’ என்று குறிப்பிடச் சொல்வதும் மிகைச் செயல்கள் அல்ல. பயிற்சி இடத்துக்கு நேரே போகும் வழியிலும் அங்கிருந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் பணிக்காலக் காயமாகக் கொள்ளப்படலாம் என்பதை அறியாமலே பலர் தங்கள் உரிமையை இழந்துவிடுகிறார்கள்.

லைன் ஆஃப் டியூட்டி முடிவு சாதகமாக இருந்தால், வழக்கு முழு மருத்துவ வாரியத்துக்கும் பிறகு உடல்தகுதி வாரியத்துக்கும் போகும். பணிக்குத் தகுதியற்றவர் என முடிவாகி, ஊன விகிதம் 30 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் ஓய்வூதியத்தோடு கூடிய மருத்துவ ஓய்வும், அதற்குக் கீழ் ஆனால் பொதுவாக ஒரே தவணையில் ஒரு தொகையும் கிடைக்கும். பணித்தொடர்பு நிறுவப்படாதவரின் வழக்கிலோ, வாரியம் அவர் தகுதியுடையவரா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கும். ஊன விகிதம் கணக்கிடப்படுவதில்லை.

இரண்டாவது தவறு, வெளி மருத்துவரின் ஒற்றை வரிக் கடிதத்தை நம்பியிருப்பது. ‘இவர் ராணுவப் பணிக்கு ஏற்றவர் அல்லர்’ என்று எழுத அந்த மருத்துவருக்கு அதிகாரம் இல்லை. அதை முடிவு செய்வது படை மருத்துவர்களும் வாரியமும்தான். அவர்களுக்குத் தேவைப்படுவது, இவரால் எதைச் செய்ய முடியவில்லை என்ற விவரம்: துப்பாக்கியைத் தூக்கிச் சுட முடியுமா, தலைக்கவசமும் கவச உடையும் அணிந்தால் வலி கூடுகிறதா, ஏறத்தாழ 18 கிலோ சுமையோடு 100 கெஜம் நடக்க முடியுமா, மருத்துவ வசதியற்ற இடத்தில் மருந்தின்றித் தங்க முடியுமா. நோய்ப் பெயர், பரிசோதனை முடிவுகள், இதுவரை செய்த சிகிச்சை, இனி எவ்வளவு தேற வாய்ப்பு என்பவற்றோடு இந்தக் கேள்விகளுக்கும் விடை சொல்லும் இரண்டு பக்க அறிக்கைதான் பயன் தரும். இதில் நோயை மிகைப்படுத்துவது மிக ஆபத்தானது. பணியைத் தவிர்க்க நோய் நடிப்பது ராணுவச் சட்டப்படி குற்றம்.

மூன்றாவதைத் தமிழ் வாசகர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். ‘எப்படியும் வெளியே அனுப்பப் போகிறார்கள்’ என்று எண்ணிச் சிலர் டிரில்லுக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். தரைப்படை ரிசர்வில் ஒரு வார இறுதி பொதுவாக நான்கு அமர்வுகளாகக் கணக்கிடப்படுகிறது. ஓர் ஆண்டில் ஒன்பது அமர்வுகளுக்கு அனுமதியின்றி வராதவர் பங்கேற்பில் தவறியவர் ஆகிறார். இரண்டு வார இறுதிகளும் மூன்றாவதன் முதல் காலையும் போதும். அதன் பேரில் ‘ஹானரபிள்’ (நன்மதிப்புடன்) அல்லாத தரத்தில் வெளியேற்றப்படும் வாய்ப்பு உண்டு. ராணுவப் பணியின் அடிப்படையில் 2003 நவம்பர் 24 அன்றோ அதற்குப் பிறகோ குடியுரிமை பெற்றவர், மொத்தம் ஐந்து ஆண்டுகள் நற்பணி முடிக்கும் முன் கெட்ட தரத்தில் விடுவிக்கப்பட்டால் அந்தக் குடியுரிமையையே ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. முறையான மருத்துவ விடுவிப்பில் இந்த அபாயம் எழுவதில்லை. எனவே வர இயலாத ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அனுமதி என்ற பதிலையும் எழுத்தில் பெற்று வைத்திருக்க வேண்டும். சார்ஜென்ட் தொலைபேசியில் ‘சரி, ஓய்வெடு’ என்று சொன்னதைப் பின்னாளில் யாரும் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஒப்பந்தக் காலம் முடியும் தறுவாயில் இருப்பவர், வாரியம் முடியும் வரை காத்திராமல் வெளியேறிவிடுவதும் பெரிய இழப்பு. மருத்துவ ஓய்வுக்கான தகுதி, படையில் இருக்கும்போதே தீர்மானிக்கப்பட வேண்டியது.

நீண்டகாலம் பணியாற்றியவர்கள் பயிற்சிக்கும் பணிக்கும் தங்களுக்குச் சேர்ந்த புள்ளிகளின் கணக்கை எடுத்துப் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடக் கூடாது. ஓர் ஆண்டில் 50 புள்ளிகள் சேர்ந்தால்தான் அது ஓய்வூதியத்துக்கு உரிய ஆண்டாகும். அப்படிப்பட்ட ஆண்டுகள் 15 நிறைந்து 20 எட்டாத நிலையில் உடல் தகுதியின்மை ஒன்றே காரணமாக விலக நேர்ந்தால், நோய் பணியில் வந்ததாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு என்று அறிவிக்கும் கடிதம் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த ஓய்வூதியம் பொதுவாக 60 வயதில் தொடங்கும். பதினான்கரை ஆண்டில் இருப்பவர் ஆறு மாதம் பொறுப்பதும் பொறுக்காததும் எவ்வளவு வித்தியாசம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாரியத்தின் முடிவு கைக்கு வந்தபின் மறுப்புத் தெரிவிக்கத் தரப்படும் அவகாசம் சில நாள்களே. அதற்குள், படையே கட்டணமின்றி அமர்த்தித் தரும் வழக்கறிஞரிடம் கோப்பைக் காட்டாமல் ஒப்புதல் அளிப்பது வீண் அவசரம். முன்னாள் படைவீரர் நலத்துறை தரும் விகிதத்தையும் படை தரும் விகிதத்தையும் குழப்பிக்கொள்வதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. நலத்துறை, பணியோடு தொடர்புடைய எல்லா நோய்களையும் கணக்கில் எடுக்கும். படையோ பணியைச் செய்யவிடாமல் தடுக்கும் நோய்களை மட்டுமே எடுக்கும். நலத்துறையில் 70 சதவீதம் பெற்றவருக்குப் படையில் 20 சதவீதமே கிடைப்பதும் நிகழக்கூடியது. அப்போது கிடைக்கும் ஒரே தவணைத் தொகையை, போர்க்களக் காயம் போன்ற விலக்குகள் தவிர, அதே நோய்க்கான மாத உதவித்தொகையிலிருந்து நலத்துறை பிடித்துக்கொள்ளும் என்பதையும் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.