சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தூரத்தை நீங்களே கணக்கிடுவது எப்படி?

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும்.

வீட்டில் 30 செ.மீ. விட்டமுள்ள குளோப் இருந்தால் நூலில் தொடங்கலாம். ஒரு முனையைச் சிங்கப்பூர் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை விறைப்பாக இழுங்கள். நூல் பசிபிக் பக்கம் நிற்காது. வழுக்கி மேலேறி, வட துருவத்தை ஒட்டிப் போய் அமரும். அதுதான் மிகக் குறுகிய வழி. நூலை அளந்தால் சுமார் 36 செ.மீ. இந்தக் குளோப்பில் 1 செ.மீ. என்பது 425 கி.மீ.; ஆக 15,300 கி.மீ. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

இனி துல்லியமான கணக்கு.

1. கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் ஓடுபாதை மேல் ரைட் கிளிக் செய்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். ஊரின் பெயரை மட்டும் தேடாதீர்கள், நியூயார்க்குக்கு ஜே.எஃப்.கே., லாகார்டியா, நெவார்க் என மூன்று பெரிய நிலையங்கள். சிங்கப்பூரின் சாங்கி: 1.35, 103.99. ஜே.எஃப்.கே.: 40.64, −73.78. இரண்டு தசம இடம் போதும், 0.01 பாகை பிசகினால் அதிகபட்சம் 1.1 கி.மீ.தான்.

2. தீர்க்கரேகைகளின் வித்தியாசம்: 103.99 − (−73.78) = 177.77.

3. கால்குலேட்டர் 'டிகிரி'யில், அதாவது பாகையில், இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை தாறுமாறாக வரும்.

4. சைன் 1.35 × சைன் 40.64 = 0.0153.

5. கோசைன் 1.35 × கோசைன் 40.64 × கோசைன் 177.77 = −0.7580.

6. இரண்டையும் கூட்டினால் −0.7427. இதன் நேர்மாறு கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) 137.96 பாகை.

7. ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 15,340 கி.மீ. கடல் மைலில் வேண்டுமானால் 1.852ஆல் வகுங்கள்: 8,283.

ஆரம்பத்தில் பலரும் சறுக்குவது அந்தக் கழித்தல் குறியில்தான். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் அது கட்டாயம். −73.78ஐ 73.78 என்று போட்டால் விடை 5,320 கி.மீ. ஆகிவிடும், அந்தப் புள்ளி இருப்பது கிர்கிஸ்தானில், ஓஷ் நகரத்துக்குக் கிழக்கே! நூலில் கிடைத்த 15,300ஐப் பார்த்ததுமே பிழை பிடிபட்டுவிடும். விடை 20,000 கி.மீ.க்குச் சற்று மேல் போனாலும் தவறுதான். பூமியின் சுற்றளவில் பாதியே அவ்வளவுதான்.

இணையக் கணிப்பான்கள் இதே தூரத்துக்குச் சுமார் 10 கி.மீ. கூட்டிக் காட்டும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதையும் அவை கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடக் கூடுதல். கிழக்கு நோக்கிப் போகும்போது பின்னாலிருந்து தள்ளும் ஜெட் காற்றுக்காக (உயரத்தில் வேகமாக வீசும் காற்றோட்டம்) பெரும்பாலும் பசிபிக் மேல் சுற்றிப் போகிறார்கள். தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.