அடிமைமுறை ஆவணங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எங்கே சறுக்குகிறோம்

அமெரிக்க அடிமைமுறை பற்றி எஞ்சியிருக்கும் தாள்களில் பெரும்பகுதி எசமானர்கள் எழுதியது. இதைச் சொல்லாமல் பிள்ளைகள் கையில் தாளைக் கொடுப்பதுதான் பெரிய தவறு.

1769-இல் தாமஸ் ஜெஃபர்சன் தப்பிப்போன தன் அடிமையைப் பிடித்துத்தரச் சொல்லி 'வர்ஜீனியா கெசட்' பத்திரிகையில் கொடுத்த விளம்பரம் நல்ல உதாரணம். தப்பிப்போனவர் பெயர் சாண்டி. வயது சுமார் 35. காலணி தைப்பவர், இடக்கைப் பழக்கம், முரட்டுத் தச்சுவேலையும் தெரியும். கூடவே குடிகாரர், தந்திரக்காரர் என்ற வசையும் இருக்கிறது. சும்மா விட்டால் பிள்ளைகள் அந்த வசையையும் தகவலாக நோட்டில் எழுதிவிடுவார்கள். இரண்டு கலர் பென்சில் கொடுங்கள்: பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விவரத்துக்கு ஒன்று, எசமானரின் அபிப்பிராயத்துக்கு இன்னொன்று. பிறகு, வெள்ளைக் குதிரையோடு காலணி தைக்கும் கருவிகளையும் சாண்டி ஏன் எடுத்துப்போனார் என்று கேளுங்கள். போகிற இடத்தில் பிழைத்துக்கொள்ளத்தான் என்று பத்து வயதுப் பிள்ளையே சொல்லிவிடும். பிடித்துக்கொடுத்தால் உள்ளூரில் 40 ஷில்லிங் (2 பவுண்டு), வேறு காலனியில் 10 பவுண்டு. அவர் வெகுதூரம் போகக்கூடியவர் என்று ஜெஃபர்சனுக்கே தெரிந்திருக்கிறது. ஏழு வருஷம் கழித்து அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரும் இவரே என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் பேச்சு முழுக்க அவரைச் சுற்றியே போகும், சாண்டி காணாமல்போவார்.

ஏலம், கப்பல் பயணம் என்று வகுப்பில் நடிக்கவைக்கவே கூடாது. வரலாறு எதுவும் புரியாது. விலை பேசப்பட்ட பிள்ளைக்கு அவமானம்தான் மிஞ்சும்.

1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் எசமானர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் போன்ற விவரங்கள் மட்டும் வரும். அடிமைப்பட்டவர்களின் பெயர் பொதுவாக இருக்காது. அந்த வயதுகளைக் கூட்டச் சொல்லிக் கணக்குப் பாடமாக்காதீர்கள். பெயர் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

1936–38-இல் பதிவான முன்னாள் அடிமைகளின் பேட்டிகள் 2,300-க்கும் மேல். கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் தென்மாநில வெள்ளையர்கள். 'எசமான் நல்லவர்' என்ற வரி வந்தால், அதை யாரிடம் சொன்னார் என்று பார்க்காமல் நகராதீர்கள்.

கணக்குப் போடத்தான் வேண்டுமென்றால் முன்னாள் அடிமை ஜோர்டன் ஆண்டர்சன் சொல்லி எழுதவைத்த கடிதம் இருக்கிறது. திரும்பி வேலைக்கு வரச் சொன்ன பழைய எசமானருக்கு 1865 ஆகஸ்டில் ஒஹாயோவிலிருந்து அனுப்பிய பதில் அது. தனக்கு மாதம் 25 டாலர் வீதம் 32 வருஷம், மனைவி மாண்டிக்கு வாரம் 2 டாலர் வீதம் 20 வருஷம், மொத்தம் 11,680 டாலர் கூலி பாக்கி என்கிறார். பிள்ளைகள் பெருக்கிப் பார்க்கட்டும், சரியாக வரும். உடுப்புச் செலவு, டாக்டர் மூன்று தடவை வந்தது, மாண்டிக்குப் பல் பிடுங்கியது, இவற்றைக் கழித்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறார்.