பிளாக்பர்ன் ஒலிம்பிக் கதையில் எல்லாரும் சறுக்கும் இடங்கள்

1883 மார்ச் 31, லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டியில் ஓல்டு எடோனியன்ஸ் அணியை 2-1 என்று வீழ்த்தியது பிளாக்பர்ன் ஒலிம்பிக். வட இங்கிலாந்தில் லங்காஷயரின் ஒரு பஞ்சாலை ஊரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள், ஈட்டன் பள்ளியில் படித்த பெரிய இடத்துப் பிள்ளைகளைத் தோற்கடித்தார்கள். சினிமாவுக்கென்றே எழுதியது போன்ற கதை. ஆனால் ஆறரை வருடத்தில், 1889 செப்டம்பரில், கிளப்பையே மூடிவிட்டார்கள். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத கிளப் என்பதால் அதன் வரலாற்றை யார் எப்படி வேண்டுமானாலும் எழுதுகிறார்கள். பழைய கிளப்புகளைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்த ஒன்றை வைத்தே எங்கெங்கே கால் வழுக்கும் என்று தெரிந்துகொள்ளலாம்.

முதலில், ஆள் மாறாட்டம். 'பிளாக்பர்ன்' என்று பார்த்தவுடன் பிளாக்பர்ன் ரோவர்ஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோவர்ஸ் 1875-இல் தொடங்கியது, இன்றும் ஆடுகிறது. ஒலிம்பிக் வேறு. பிளாக் ஸ்டார், ஜேம்ஸ் ஸ்ட்ரீட் என்ற இரண்டு சின்ன அணிகள் 1878-இல் சேர்ந்து உருவானது. ஒரே ஊர், ஒரே காலம், போதாக்குறைக்கு இரண்டுமே ஓல்டு எடோனியன்ஸுடன் இறுதிப் போட்டியில் மோதியவை. 1882-இல் ரோவர்ஸ் 0-1 என்று தோற்றது, அடுத்த வருடம் ஒலிம்பிக் ஜெயித்தது, அப்புறம் 1884, 1885, 1886 மூன்றும் ரோவர்ஸுக்கு. ஆக 'பிளாக்பர்ன் தொடர்ந்து நான்கு முறை கோப்பையை வென்றது' என்பது ஊர்க் கணக்கில் சரி, கிளப் கணக்கில் தப்பு. இந்த வாக்கியத்தை எங்காவது பார்த்தால் எழுதியவர் எதை எண்ணினார் என்று ஒருமுறை பாருங்கள்.

இதே குழப்பம் பக்கத்து ஊரில் இன்னும் மோசம். 1888-இல், கிளப்புகள் சீசன் முழுக்க ஒன்றோடொன்று மோதும் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் அக்ரிங்டனும் ஒன்று. உடனே அக்ரிங்டன் ஸ்டான்லியை லீக்கின் நிறுவனர் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த அக்ரிங்டன் 1893-இல் லீக்கை விட்டு விலகி 1896-இல் முடிந்துபோனது. ஸ்டான்லி தனி கிளப், லீக்குக்குள் நுழைந்ததே 1921-இல்தான். அதுவும் 1962-இல் லீக்கிலிருந்து வெளியேறி, கொஞ்ச காலத்தில் மூடப்பட்டு, இப்போது நாம் பார்க்கும் ஸ்டான்லி 1968-இல் புதிதாக அமைத்தது. ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பதால் கிளப் ஒன்றாகிவிடாது.

ஒலிம்பிக் என்ற பெயரும் ஆளை ஏமாற்றும். நவீன ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கியது 1896-இல், இந்த கிளப் மூடி ஏழு வருடம் கழித்து. கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் அந்தச் சமயம் நடந்துகொண்டிருந்த அகழாய்வுகளைப் பார்த்துப் பெயரை எடுத்திருப்பார்கள் என்று நம்பப்படுகிறது.

அடுத்து 'முதன்முதலாக' வியாதி. எந்த கிளப்பைப் பற்றி எழுதினாலும் அதற்கு ஒரு முதலிடம் வாங்கிக் கொடுக்காமல் நமக்குத் தூக்கம் வராது. ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கு வந்த முதல் வடக்கு அணியா? இல்லை, ரோவர்ஸ் ஒரு வருடம் முந்திவிட்டது. பாஸ் செய்து ஆடிய முதல் அணியா? அதுவும் இல்லை. ராயல் என்ஜினியர்ஸ், கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க், ஷெஃபீல்டு ஆட்டக்காரர்கள் எல்லாரும் அதற்கு முன்பே பாஸ் விளையாட்டுக்குப் பேர்போனவர்கள். ஒலிம்பிக்குக்கு உண்மையாகவே சொந்தமான முதலிடம் ஒன்று இருக்கிறது, அதுவே போதும்: உழைக்கும் வர்க்கத்து ஆட்களைக் கொண்டு கோப்பையை வென்ற முதல் அணி, வடக்கே கோப்பையைக் கொண்டுபோன முதல் அணி. அதன் பிறகு 1901-இல் டாட்டன்ஹாம் வெல்லும்வரை எந்த லண்டன் அணிக்கும் கோப்பை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் விஷயத்தின் கனம் தானாகப் புரியும்.

ஆனால் உழைப்பாளி அணி என்றவுடன் பலர் உணர்ச்சிவசப்பட்டு, மில்லில் வேலை முடித்து நேராக மைதானத்துக்கு ஓடிவந்து ஜெயித்த அப்பாவிகள் என்று எழுதிவிடுகிறார்கள். தறி நெய்கிறவர்கள், நூற்பாலைக்காரர், பிளம்பர், இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி, பல் மருத்துவரின் உதவியாள் என்று அணி இருந்தது உண்மைதான். அவர்களுக்குப் பின்னால் சிட்னி யேட்ஸ் என்ற வார்ப்பாலை முதலாளியின் பணம் இருந்தது. அணியை நடத்திய ஜாக் ஹன்டர் ஷெஃபீல்டிலிருந்து வந்தவர், இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடியவர். இறுதிப் போட்டிக்கு முன் ஆட்களை வேலையிலிருந்து விலக்கி பிளாக்பூல் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார், அந்தக் காலத்தில் கேள்விப்படாத ஏற்பாடு. ஆட்டத்துக்குப் பணம் கொடுப்பதை எஃப்.ஏ. அனுமதித்தது 1885 ஜூலையில்தான். அப்படியானால் 1883-இல் ஹன்டர் எதற்காக ஊர் விட்டு ஊர் வந்தார் என்று அப்போதே ஆட்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பை விட்டுவிட்டு எழுதினால் கதையின் பாதி போய்விடும். என் பார்வையில் ஒலிம்பிக்கின் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. பணம் கால்பந்துக்குள் வந்துவிட்டது, ஆனால் வந்ததாக யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற அந்த இரண்டுங்கெட்டான் காலத்து அணி அது.

ஆட்டத்தையும் கொஞ்சம் கவனித்துச் சொல்ல வேண்டும். முதல் கோல் எடோனியன்ஸின் குட்ஹார்ட் அடித்தது. மேத்யூஸ் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் காஸ்ட்லி வெற்றிக் கோலை அடித்தார். இதற்கிடையில் எடோனியன்ஸின் ஆர்தர் டன் காயம்பட்டு வெளியேற, மாற்று ஆள் இறக்கும் வழக்கமே இல்லாத காலம் என்பதால் அவர்கள் பத்துப் பேருடன் ஆடினார்கள். ஒலிம்பிக் ரசிகர்கள் சௌகரியமாக இதை மறந்துவிடுவார்கள். இன்னொன்று, தோற்ற கேப்டனை 'லார்டு கினெய்ர்டு' என்று எழுதுவது. அப்பா இறந்து அந்தப் பட்டம் அவருக்கு வந்தது 1887-இல். 1883-இல் அவர் வெறும் ஆர்தர் கினெய்ர்டு. வெறும் என்று சொன்னாலும் கோடீஸ்வரக் குடும்பம்தான், அது வேறு விஷயம்.

மிகப் பெரிய தவறு, கிளப் ஏன் செத்தது என்பதில். 1888-இல் லீக் தொடங்கியபோது ஊருக்கு ஒரு கிளப் என்று வைத்துக்கொண்டார்கள், பிளாக்பர்னுக்கான இடம் ரோவர்ஸுக்குப் போனது, அதனால் ஒலிம்பிக் அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1885-இல் சம்பளம் சட்டப்படி ஆனது. அதிலிருந்து வாராவாரம் வெளிப்படையாகப் பணம் எண்ணி வைக்க வேண்டும், டிக்கெட் வசூல்தான் மூச்சு. அதே வருடங்களில் ரோவர்ஸ் மூன்று கோப்பைகளை அடுக்கி ஊர்க்கூட்டத்தை இழுத்துக்கொண்டது. ஒரு மில் ஊரில் சனிக்கிழமை மதியம் பாக்கெட்டில் இருக்கும் காசு எத்தனை அணிகளைத் தாங்கும்? லீக் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒலிம்பிக் இளைத்துவிட்டது, இளைத்திருந்ததால்தான் லீக்கும் ரோவர்ஸைத் தேடிப் போனது. லீக்குக்கு வெளியே நின்ற கிளப்புகள் சேர்ந்து நடத்திய காம்பினேஷன் போட்டியில் சேர்ந்து பார்த்தார்கள், அந்த அமைப்பு ஒரு சீசன்கூட ஒழுங்காக முடியாமல் கலைந்தது. 1889 தொடக்கத்தில் சம்பள ஆட்களை அனுப்பிவிட்டு அமெச்சூராகத் திரும்பினார்கள், அந்த செப்டம்பரில் எல்லாம் முடிந்தது. லீக் அதைக் கொன்றது என்பதைவிட, மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததற்குக் கதவைச் சாத்தியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கடைசியாக, ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. ஒலிம்பிக்கின் தடம் தேடி ஈவுட் பார்க்குக்குப் போகாதீர்கள், ரோவர்ஸ் அங்கே குடியேறியதே 1890-இல். ஒலிம்பிக்கின் சொந்த மைதானம் ஊரின் இன்னொரு பக்கம், ஹோல் இன் த வால் என்ற மதுக்கடையை ஒட்டி, அதே பெயரில் இருந்தது. பின்னாளில் அந்த இடத்தில் செயின்ட் மேரிஸ் கல்லூரியைக் கட்டினார்கள்.