உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு செய்தி எழுதுவது எப்படி?

எங்கள் தெருவில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதல் செய்தி, "உப்பைக் குறைப்போம், உயிரைக் காப்போம்". பதிலுக்குக் கும்பிடு போடும் பொம்மைகளாக வந்து குவிந்தன. ஊறுகாய் ஜாடி ஒரு வீட்டிலும் இடம் மாறவில்லை. அதற்கப்புறம்தான் ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதப் பழகினேன். பேச்சுக் கொடுக்கத் தெரிந்தால் போதும், யாரும் செய்யலாம்.

படி 1: செய்தி யாருக்கு?

ஒரு வீட்டில் பிபி இருப்பது வீட்டுக்காரருக்கு, குழம்பு வைப்பது அவர் மனைவி. நான் மாதக்கணக்கில் வீட்டுக்காரருக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். உப்பு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் செய்தி போக வேண்டும். ஆனால் தயிர்ச்சோற்றில் மேலே உப்புத் தூவிக்கொள்கிற ஆளாக இருந்தால் அவரிடமே பேசுங்கள்.

படி 2: நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள்

"உப்பு அதிகமா சேப்பீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "அளவாத்தான்" என்பார்கள். நேற்றுக் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு தாத்தா சொன்னது இது: காலையில் பழைய சோறும் மாங்காய் ஊறுகாயும், மதியம் சாம்பார், அப்பளம் இரண்டு, ராத்திரி மோர்ச்சோறு, மோர்மிளகாய். சாம்பாரில் உப்பு மட்டாகத்தான் போடுகிறார்கள். மிச்சமெல்லாம் தொட்டுக்கொள்வதில் வந்து சேர்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன்; ஊறுகாய், அப்பளத்தில் இருக்கும் உப்பும் இதில் அடக்கம்.

படி 3: மனசு எங்கே நிற்கிறது?

புகைப்பதை விட முயன்றவர்களை ஆராய்ந்த ப்ரோச்சாஸ்கா, டிக்ளெமென்டி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், பழக்கம் ஒரே நாளில் மாறுவதில்லை, கட்டம் கட்டமாக மாறுகிறது என்று 1983இல் எழுதினார்கள். அவர்கள் பிரித்த கட்டங்கள் அதிகம், நமக்கு மூன்று போதும். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பவரிடம் ஊறுகாயைப் பற்றிப் பேசி லாபமில்லை. முதலில் பிபி பார்த்துக்கொள்ள மட்டும் கூப்பிடுங்கள். "குறைக்கணும்தான், ஆனா..." என்பவரிடம் அந்த 'ஆனா'வுக்குப் பதில் எழுதுங்கள். ஏற்கெனவே குறைத்துவிட்டு, வாய்க்கு ருசியில்லை என்று புலம்புகிறவருக்கு, நாக்கு சில வாரங்களில் பழகிவிடும் என்ற ஒரு வரி பெரிய தெம்பு.

படி 4: எழுதுங்கள்

ஒரு செய்திக்கு ஒரு வேலைதான். தாத்தாவுக்கு நான் முதலில் எழுதியது: "ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு அறவே தவிர்க்கவும். இல்லையேல் பக்கவாதம் வரலாம்." பயமுறுத்திவிட்டு வழி காட்டாமல் விட்டால் ஆள் செய்தியையே திறக்க மாட்டார். அவரோ "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று ஒரே போடாகப் போட்டார். அவருடைய 'ஆனா' அதுதான். திருத்தி எழுதியது:

"தாத்தா, சாம்பார்ல உப்பு அப்படியே இருக்கட்டும். பழைய சோத்துக்கு மட்டும் ஊறுகாய்க்குப் பதிலா சின்ன வெங்காயம் கடிச்சுக்குங்க. ஒரு வாரம் பாருங்க. ஞாயித்துக்கிழமை வந்து கேக்குறேன்."

அவருக்கு எழுத்து சரியாகத் தெரியாது, அதனால் இதைக் குரல் பதிவாக அனுப்பினேன்.

நூடுல்ஸ், சிப்ஸ் என்று திரியும் பையன்களுக்கு இந்தப் பேச்சு எடுபடாது. பாக்கெட்டின் பின்னால் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்கச் சொல்லுங்கள். 800 என்று போட்டிருந்தால் 2000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் உப்பு. கணக்கு அவர்களுக்குப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. சோடியம் குறைந்த உப்பு வாங்கச் சொல்லி நீங்களாக எழுதாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. டாக்டர் சொல்லட்டும்.

படி 5: சொன்ன நாளில் போய்க் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை போனேன். "வெங்காயம் பரவாயில்ல. ஆனா மோர்மிளகாய் பக்கம் மட்டும் வந்துராத" என்றார். சரி என்று அடுத்த வாரம் அப்பளத்தைப் பற்றி எழுதினேன், ரெண்டுக்குப் பதிலாக ஒன்று.