தொல்லியல் ஆய்விதழுக்குக் கட்டுரையை ஆயத்தம் செய்வது எப்படி: தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கான செய்முறை விளக்கம்

அகழாய்வு, தான் ஆராயும் சான்றை நீக்கிக்கொண்டே முன்னேறும் ஆய்வு. ஒரு குழியின் ஐந்தாம் மண்ணடுக்கை எடுத்துவிட்ட பிறகு, அதே அடுக்கை இன்னொருவர் மீண்டும் தோண்டிச் சரிபார்க்க முடியாது. எஞ்சுவன கள ஏடு, வரைபடங்கள், சீட்டு எழுதிப் பையிலிட்ட தொல்பொருள்கள், அவற்றை வைத்து எழுதப்படும் கட்டுரை ஆகியவையே. ஆதலால், கட்டுரையின் ஒவ்வொரு முடிவையும் அது பிறந்த மண்ணடுக்கு வரை பின்தொடர்ந்து செல்ல வழி இருக்கிறதா என்பதைத்தான் நல்ல மதிப்பாய்வாளர் முதலில் பார்ப்பார். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த வழியை அமைப்பதற்கானவை. தமிழகத்தின் தொடக்க வரலாற்றுக் கால வாழ்விடம் ஒன்றில் கிடைத்த பானை ஓடுகளையும் சில கரிமக் காலக் கணிப்புகளையும் வைத்துக்கொண்டு முதல் கட்டுரையை எழுத முனையும் முனைவர் பட்ட மாணவரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் படி: வெளியிடும் உரிமையை உறுதி செய்தல்

இந்தியாவில் அகழாய்வு, 1958ஆம் ஆண்டின் பழமையான நினைவுச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் தொடர்பான சட்டத்தின் கீழ் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை அளிக்கும் உரிமத்தின் பேரில் நடைபெறுகிறது. களத்தில் நீங்கள் பல மாதங்கள் உழைத்திருந்தாலும், உரிமம் பெற்ற அகழாய்வு இயக்குநரின் எழுத்துவழி இசைவு இல்லாமல் அத்தரவுகளை வெளியிடுதல் கூடாது. அருங்காட்சியகத்தில் உள்ள பொருள்களைப் பற்றி எழுதுவதாயின், அவற்றின் ஒளிப்படங்களை வெளியிட அந்த நிறுவனத்தின் அனுமதியையும் முன்னதாகவே பெற வேண்டும்.

ஆசிரியர் வரிசையையும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். பானைகளை வரைந்தவர், தாவர எச்சங்களை அடையாளம் கண்டவர், வரைபடம் ஆக்கியவர் ஆகியோருள் யார் இணையாசிரியர், யாருக்கு நன்றியுரை என்பதைக் கட்டுரை முடிந்த பிறகு பேசத் தொடங்கினால் மனக்கசப்பே மிஞ்சும். குழியில் முதலில் நிற மாற்றத்தைக் கண்டு சொல்பவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பணியாளர். நன்றியுரையில் அவர்களுக்கு இடம் அளிப்பது நேர்மையான வழக்கம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே வெட்டி எடுத்து அனுப்பினால் அது பெரும்பாலும் திரும்பி வரும். இயல், தேர்வாளரிடம் நீங்கள் எல்லாவற்றையும் படித்திருக்கிறீர்கள் என்று காட்டுவதற்காக எழுதப்பட்டது. கட்டுரையோ துறையினரிடம் ஒரு புதிய செய்தியைச் சொல்வதற்காக எழுதப்படுவது. “இந்த வாழ்விடத்தின் பானை வகைகள்” என்பது தலைப்பாக இருக்கலாம், கேள்வி ஆகாது. “கருப்பு-சிவப்பு மட்கலன் இங்கே எந்த அடுக்கில் குறையத் தொடங்குகிறது, அதே அடுக்கில் புதிதாக என்ன வருகிறது” என்பது கேள்வி. அதற்கான விடையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியம் அமையும் வரை மற்றவற்றைத் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: ஆய்விதழைத் தேர்ந்தெடுத்தல்

எழுதி முடித்த பின் இதழைத் தேடுவதைவிட, இதழை முடிவு செய்துகொண்டு எழுதுவது நல்லது. 1927இல் தொடங்கப்பட்ட ‘ஆன்டிக்விட்டி’ உலகெங்கும் உள்ள தொல்லியலாளருக்கானது. தமிழகத்தை அறியாத வாசகருக்கும் உங்கள் கேள்வி ஏன் முக்கியம் என்பதை அங்கே விளக்கியாக வேண்டும். இந்தியத் தொல்லியல் கழகத்தின் ‘புராதத்வா’, வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற ‘மேன் அண்ட் என்விரான்மென்ட்’ போன்ற இதழ்களில் களத் தரவுகளை விரிவாக எழுத இடம் உண்டு. கல்வெட்டு, நடுகல், பானை ஓட்டுப் பொறிப்பு பற்றித் தமிழிலேயே எழுத விரும்புவோருக்குத் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இருக்கிறது. தேர்ந்தெடுத்த இதழின் அண்மை இதழ்களில் உங்கள் கட்டுரையை ஒத்த இரண்டு கட்டுரைகளைப் படித்து, எத்தனை படங்கள், எத்தனை அட்டவணைகள், முடிவுரை எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் போலி இதழ்களிடம் எச்சரிக்கை தேவை. தரமான இதழ்களைத் தொகுத்துத் தந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘கேர்’ பட்டியல் 2025இல் கைவிடப்பட்ட நிலையில், இதழின் தரத்தை ஆராயும் பொறுப்பு முன்னைவிட அதிகமாக ஆய்வாளர் மீதும் நெறியாளர் மீதும் விழுந்திருக்கிறது. ஆசிரியர் குழுவில் நீங்கள் வாசித்து மதிக்கும் தொல்லியலாளர்கள் இருக்கிறார்களா, அவர்களுடைய நிறுவனப் பக்கங்களிலும் அந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புதல் எங்கும் ஏற்கப்படுவதில்லை.

நான்காம் படி: முன்னுரைக்கு முன் படங்களை முடித்தல்

பலர் முன்னுரையிலிருந்து தொடங்குகிறார்கள். தொல்லியல் கட்டுரையைப் படங்களிலிருந்தும் அட்டவணைகளிலிருந்தும் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. சான்று அங்கேதான் இருக்கிறது, உரை அதை விளக்குகிறது.

இதற்குப் புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பிரித்தானியத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கே அகழாய்வு செய்து, மறு ஆண்டே ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழின் இரண்டாம் எண்ணில் விரிவான அறிக்கையை வெளியிட்டார். மண்ணடுக்குகளின் வெட்டுமுக வரைபடங்களும், எண்ணிடப்பட்ட பானை வகைகளும் அதில் இருந்தன. அவர் வகுத்த காலவரிசையைத் தொல்லியலாளர் விமலா பெக்லி பின்னர் 1980களில் மறு ஆய்வு செய்து, ரௌலட்டட் மட்கலன் (உட்புறத்தில் சிறு புள்ளி வரிசைகள் பதித்த மெல்லிய கலம்) வீலர் கருதியதைவிட முற்பட்டது என்று வாதிட்டார். வீலரின் முடிவை அவருடைய வரைபடங்களைக் கொண்டே கேள்விக்கு உட்படுத்த முடிந்தது அந்த வெளியீட்டின் பெருமை. அவர் இட்ட வகை எண்கள் இன்றும் வழக்கில் உள்ளன. இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள செம்பிரானில் கிடைத்த ஓடுகளையும் அரிக்கமேடு வகை 1, வகை 10 என்றே அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள்.

உங்கள் கட்டுரைக்குக் குறைந்தது நான்கு வகைப் படங்கள் வேண்டும். முதலாவது இட அமைவு வரைபடம். அதில் வடதிசைக் குறியும் அளவுகோலும் ஆறு, கடற்கரை போன்ற அடையாளங்களும் இருக்க வேண்டும். இரண்டாவது குழிகளின் கிடைப்படம். மூன்றாவது வெட்டுமுக வரைபடம். கட்டுரையில் பேசப்படும் ஒவ்வோர் அடுக்கும் அதில் எண்ணுடன் தெரிய வேண்டும், மண்ணின் நிறத்தை மன்செல் நிற அட்டவணையின் குறியீட்டால் தருவது வழக்கம். நான்காவது பானை வரைபடங்கள்: நடுக்கோட்டின் ஒரு பக்கம் வெட்டுமுகம், மறு பக்கம் வெளித்தோற்றம். எந்தப் பக்கம் எது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். நீங்கள் தேர்ந்த முறையைக் கட்டுரை முழுவதும் மாற்றாமல் பின்பற்றுங்கள். விளிம்பு வட்டத்தில் எத்தனை விழுக்காடு எஞ்சியுள்ளது என்பதையும் குறியுங்கள், ஏனெனில் மிகச் சிறிய விளிம்புத் துண்டிலிருந்து கணித்த விட்டத்தை முழுமையாக நம்ப இயலாது.

அளவை “1:4” என்று எழுத்தில் மட்டும் தராதீர்கள். பக்க வடிவமைப்பின்போது படம் சுருக்கப்பட்டால் அந்த விகிதம் பொய்யாகிவிடும், படத்துக்குள் வரைந்த அளவுகோலோ படத்தோடு சேர்ந்து சுருங்கும். ஒளிப்படங்களுக்கு அச்சிடும் அளவில் 300 டிபிஐ, கோட்டு வரைபடங்களுக்கு 600 முதல் 1200 டிபிஐ வரை இதழ்கள் பொதுவாகக் கேட்கின்றன. படங்களை வேர்டு கோப்பில் ஒட்டி அனுப்பாமல், டிஃப் போன்ற வடிவில் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: காலக் கணிப்புகளை முழுமையாகத் தருதல்

மதிப்பாய்வாளர்கள் மிகக் கூர்ந்து பார்க்கும் பகுதி இது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கூறப்பட்டது. செய்தித்தாளுக்கு அந்த ஒற்றை ஆண்டு போதும். ஆய்விதழுக்கு ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வகம் இட்ட எண், மாதிரியின் பொருள், குழியும் அடுக்கும், 1950ஐ அடிப்படையாகக் கொண்டு பின்னோக்கிக் கணித்த பி.பி. ஆண்டு, அதன் பிழை வரம்பு, அளவுத்திருத்தம் செய்த (அதாவது, கரிம ஆண்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றிய) கால இடைவெளி, அந்த இடைவெளியின் நிகழ்தகவு, பயன்படுத்திய அளவுத்திருத்த வளைவு, மென்பொருளின் பதிப்பு ஆகியவை வேண்டும். வட அரைக்கோளத்துக்கு இப்போது இன்ட்கால்20 வளைவும், ஆக்ஸ்கால் போன்ற மென்பொருளும் பயன்படுத்தப்படுகின்றன.

இத்தனை விவரம் ஏன் என்று கேட்கலாம். கி.மு. 800 முதல் 400 வரையிலான காலப் பகுதியில் அளவுத்திருத்த வளைவு ஏறத்தாழத் தட்டையாக உள்ளது, அதாவது வெவ்வேறு நூற்றாண்டுகளின் மாதிரிகள் ஏறத்தாழ ஒரே கரிம ஆண்டையே தருகின்றன. ஆகவே 2450±30 பி.பி. என்று ஆய்வகம் தரும் ஒரு முடிவு, 95.4 விழுக்காடு நிகழ்தகவில் ஏறத்தாழ கி.மு. 750 முதல் 410 வரை பரந்துவிடும். தமிழகத்தின் தொடக்க வரலாற்றுக் காலம் எப்போது தொடங்குகிறது என்ற விவாதம் முழுவதும் இந்தத் தட்டைப் பகுதியின் மேல்தான் நடக்கிறது. அந்த மூன்றரை நூற்றாண்டு இடைவெளியிலிருந்து மிகப் பழைய முனையை மட்டும் எடுத்துத் தலைப்பில் வைப்பது ஆய்வு நெறிக்கு முரணானது. தமிழர் தொன்மையின் மேல் அன்பு கொண்டவர்களே இதில் முதலில் விழிப்பாக இருக்க வேண்டும்.

மாதிரி எதனாலானது என்பதும் முக்கியம். நெடுநாள் வாழ்ந்த மரத்தின் உள்வளையத்துக் கரி, அடுப்பில் எரிந்த நாளைவிடப் பல பத்தாண்டுகள் முந்திய காலத்தைக் காட்டக்கூடும். ஒரே பருவத்தில் விளையும் தானியத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பொருந்தலில் நடத்திய அகழாய்வில் ஈமச்சின்னத்திலிருந்து கிடைத்த நெல்மணிகளைக் காலக் கணிப்புக்கு அனுப்பியது இவ்வகையில் வலுவான தேர்வு. ஆழத்தை மட்டும் தருவதும் போதாது: பிற்காலத்தார் தோண்டிய குழி மேல் அடுக்கின் பொருளைக் கீழே கொண்டு சேர்த்திருக்கலாம் என்பதால், மாதிரி கலக்கப்படாத அடுக்கிலிருந்து வந்தது என்பதற்கான சான்றையும் வெட்டுமுகப் படத்தில் அதன் இடத்தையும் காட்டுங்கள்.

ஆறாம் படி: உரையை எழுதுதல்

இப்போது எழுதுவது எளிதாகும். முறையியல் பகுதியில் மண்ணைச் சலித்தீர்களா, எல்லா ஓடுகளையும் எண்ணினீர்களா அல்லது விளிம்புகளை மட்டுமா என்பதைச் சொல்லுங்கள். எண்ணிக்கையோடு எடையையும் தருவது நல்லது. ஒரே பானை உடைந்து நூறு ஓடுகளானால் எண்ணிக்கை மட்டும் தவறான தோற்றம் தரும். கண்டதையும் கருதுவதையும் வேறு வேறு பகுதிகளில் வையுங்கள். பொறிப்புள்ள ஓடுகளுக்கு ஒளிப்படம், கோட்டுப் படம் இரண்டையும் கொடுத்து, ஐயத்துக்குரிய எழுத்தை அடைப்புக்குறிக்குள் காட்டுங்கள். உடைந்த ஓட்டில் எஞ்சிய மூன்று எழுத்துகளை முழுப் பெயராக்கும் ஊகம், கலந்துரைப் பகுதிக்கு உரியது.

சங்கப் பாடல்களை மேற்கோள் காட்டுவதில் நிதானம் தேவை. பட்டினப்பாலை ஒரு துறைமுகத்தைச் சித்திரிக்கிறது என்பதால், உங்கள் குழியில் வெளிப்பட்ட செங்கல் கட்டுமானம் பண்டகசாலை என்று நிறுவப்பட்டுவிடாது. கட்டுமானத்தின் பயன்பாட்டை முதலில் அதனுள் கிடைத்த பொருள்களைக் கொண்டு வாதிட்டு, இலக்கியத்தைத் தனிச் சான்றாகப் பின்னர் ஒப்பிடுங்கள்.

சுருக்கத்தையும் தலைப்பையும் கடைசியில் எழுதுங்கள். இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியம் சுருக்கத்தில் இடம்பெற வேண்டும். மேற்கோள் பட்டியலுக்கு சோட்டெரோ போன்ற மென்பொருள் உதவும். ஆனால் ‘இந்தியன் ஆர்க்கியாலஜி: எ ரிவ்யூ’ போன்ற ஆண்டறிக்கைகளில் களப்பணி நடந்த ஆண்டும் வெளியீட்டு ஆண்டும் வேறாக இருக்கும் என்பதால், அவற்றைக் கையால் சரிபாருங்கள்.

ஏழாம் படி: அனுப்புதல்

இருபுறமும் பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் இதழாயின், முகப்பில் மட்டுமின்றிக் கோப்பின் பண்புகளிலும் நன்றியுரையிலும் “முன்னர் நான் காட்டியவாறு” போன்ற தொடர்களிலும் உங்கள் அடையாளத்தை நீக்குங்கள். பாதுகாப்பில்லாத இடுகாட்டின் துல்லியமான ஆயத்தொலைவுகளை வெளியிடாதீர்கள். புதையல் தேடுவோருக்கும் அது வழிகாட்டும். ஓடுகளின் எண்ணிக்கை அட்டவணையை செனோடோ போன்ற திறந்த களஞ்சியத்தில் இடுவது நற்பழக்கம். செயற்கை நுண்ணறிவுக் கருவியை மொழித் திருத்தத்துக்குப் பயன்படுத்தியிருந்தால், இதழின் விதிப்படி அதை வெளிப்படையாகத் தெரிவியுங்கள். பதிப்பாசிரியருக்கான கடிதம் அரைப் பக்கம் போதும்: கேள்வி, விடை, கட்டுரை வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி.

எட்டாம் படி: மதிப்பாய்வுக்கு மறுமொழி

பெரிய திருத்தங்கள் வேண்டும் என்ற கடிதம் மறுப்புக் கடிதம் அன்று. ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று விடை எழுதுங்கள். உடன்படாத இடத்தில் காரணத்தைச் சான்றுடன் பணிவாகச் சொல்லலாம். நல்ல பதிப்பாசிரியர் அதை மதிப்பார். ஏற்கப்பட்ட பின் வரும் அச்சுப்படியில், வாக்கிய நடையைத் திருத்துவதற்கு முன் ஆய்வக எண்களையும் பிழை வரம்புகளையும் மூலச் சான்றிதழுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, படங்களின் அளவுகோல்கள் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே ஒப்புதல் அனுப்புங்கள்.