மொத்தச் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள்

கொழும்பில் ஆட்சேர்ப்பு வேலை பார்க்கிறேன். வேலை கிடைத்ததும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "மொத்தம் எவ்வளவு?" அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்றும் தயவுசெய்து கேளுங்கள்.

இரண்டு நிறுவனங்கள் 150,000 ரூபாய் தருவதாகச் சொல்கின்றன என்று வைப்போம். ஒன்றில் அடிப்படை 60,000, மற்றதில் 120,000; மீதி கொடுப்பனவுகள். உங்கள் பெயரில் சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3% என்று நிறுவனம் தன் பங்காகக் கட்ட வேண்டும். அடிப்படைக்கு மட்டும் கட்டினால் முதலாவதில் மாதம் 9,000, இரண்டாவதில் 18,000. சேமலாப நிதிக்கு உங்கள் பங்கான 8% இரண்டாவதில் கூடுதலாகக் கழிவதால் கைக்கு வருவது குறையும், ஆனால் அதுவும் உங்கள் சேமிப்புத்தான். ஐந்து வருடம் முடித்தால், வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையிலும் இந்த வித்தியாசம் தெரியும்.

சேமலாப நிதியைக் கணக்கிடும்போது சில கொடுப்பனவுகளையும் அடிப்படையோடு சேர்க்க வேண்டும். அதனால் "எவற்றுக்கெல்லாம் நிதி கட்டுவீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பவரை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை, விவரமான ஆள் என்றே குறித்துக்கொள்வேன். பதில் நியமனக் கடிதத்தில் எழுத்தில் வரட்டும். அப்புறம் இப்போதைய வேலையில் இராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.