பேச்சு வெளியே போகாமல் இருக்க: சவுண்ட் மாஸ்கிங் அமைக்கும் முறை

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, ராத்திரியில் அதுவும் பேசாதே" என்று பெரியவர்கள் சொல்வதில் ஒலியியல் இருக்கிறது. இரவில் சுற்றுச்சத்தம் அடங்கிவிடும், மெல்லப் பேசினாலும் தூரம் போகும். இன்றைய அலுவலகங்கள் பல பட்டப்பகலிலேயே அந்த ராத்திரி நிலையில் இருக்கின்றன. ஏசி சத்தமில்லாமல் ஓடுகிறது, தரையில் கார்ப்பெட், பின்னணி 30, 35 டெசிபலைத் தாண்டுவதில்லை. கேபினுக்குள் ஒருவருடைய சம்பளத்தைப் பற்றிப் பேசினால், வெளியே உட்கார்ந்திருப்பவர் ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை. தானாகக் காதில் விழும்.

பேச்சு புரியாதபடி மெல்லிய, ஒரே சீரான இரைச்சலைப் பின்னணியில் ஓடவிடுவதுதான் சவுண்ட் மாஸ்கிங், அந்த இரைச்சலை மறைப்பொலி என்பேன். அதற்கான ஸ்பீக்கர்களை மாட்டி முடித்த பிறகு போய், அளந்து சரிசெய்து கொடுப்பது என் வேலை. எங்கே போனாலும் முதலில் வரும் கோரிக்கை, "எங்கள் மீட்டிங் ரூமுக்குள் ரெண்டு ஸ்பீக்கர் வைத்துவிடுங்கள்" என்பதுதான். நான் வைப்பதில்லை. மறைப்பொலி இருக்க வேண்டிய இடம் ரகசியம் பேசுகிற அறை அல்ல, அதைக் கேட்கக் கூடாதவர் உட்கார்ந்திருக்கிற இடம். அறைக்குள் இரைச்சல் வைத்தால் பேசுபவர் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் எழுதிய விஷயம் இது, இன்றும் லொம்பார் விளைவு என்றுதான் பெயர். கூடவே வீடியோ காலில் இருப்பவர்களுக்கு மைக் வழியாக அந்த இரைச்சலும் போய்ச் சேரும். காசைக் கொடுத்து நிலைமையைக் கெடுத்துக்கொண்ட கணக்கு.

முதலில் எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள்

கருவி வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ரெண்டு பேர், ஒரு தாள், ஒரு பேனா போதும். ஆட்கள் போன பிறகு செய்யுங்கள். ஆனால் ஏசி வேலை நேரத்தில் ஓடுவதுபோலவே ஓட வேண்டும். ஒருவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, சாதாரணக் குரலில் ஒரு பட்டியலை வாசிக்கட்டும். மற்றவர் வெளியே, உண்மையிலேயே ஒருவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதட்டும். கதவில் காதை வைக்கக் கூடாது, அது வேறு பிரச்சினை.

பட்டியலில் முழு வாக்கியங்கள் வேண்டாம். பாதி கேட்டாலே மீதியை மனம் நிரப்பிவிடும். நான் எதுகை பிடித்த சொற்களைத்தான் கொடுப்பேன்: படம், தடம், கடம், வடம், மடம். அப்புறம் அறுபது, எழுபது, எண்பது என்று கலந்து சில எண்கள். அந்தச் சொற்களில் உயிரொலி எல்லாம் ஒன்றுதான், முதலில் வரும் மெய் மட்டும் மாறுகிறது. பேச்சின் சத்தம் பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது, பொருளைப் பிரித்துக் காட்டுவதோ மெய்யொலிகள். அவற்றை அடையாளம் காட்டும் பகுதியில் பெரும்பங்கு 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை, சத்தம் குறைவாக, கண நேரமே வந்துபோகும். வெளியே எழுதியவர் 'படம்' வர வேண்டிய இடத்தில் 'மடம்' என்றும், எழுபதுக்கு அறுபது என்றும் எழுதியிருந்தால் நல்ல செய்தி. குரல் கேட்டிருக்கிறது, விஷயம் போகவில்லை. நமக்கு வேண்டியது அவ்வளவுதான். குரலே கேட்கக் கூடாது என்றால் அதற்கு ஸ்டூடியோ கட்ட வேண்டும்.

ஓட்டையை அடைக்காமல் ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

இந்தத் துறையில் மூன்று சொல் மந்திரம் ஒன்று உண்டு: உறிஞ்சு, தடு, மறை. மறைப்பது மூன்றாவதாக வருவதற்குக் காரணம் இருக்கிறது.

மூடிய அறைகளுக்கு, ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் ஈ2638 என்ற அளவீட்டுத் தரம் இருக்கிறது. அதன் சாரம் ஒரு கூட்டல் கணக்கு. அறைக்கும் கேட்பவருக்கும் நடுவே எத்தனை டெசிபல் குறைகிறது, கேட்பவர் இருக்கும் இடத்தில் பின்னணி எத்தனை டெசிபல், ரெண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்த அறையின் அந்தரங்க மதிப்பு. அதாவது சுவரை 5 டெசிபல் பலப்படுத்துவதும், வெளியே பின்னணியை 5 டெசிபல் ஏற்றுவதும் கணக்கில் சமம். சுவரை உடைத்துக் கட்டுவதைவிட பின்னணியை ஏற்றுவது எளிது என்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. ஆனால் பின்னணிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அதனால் சுவர் பக்கம் சும்மா கிடைக்கும் டெசிபலை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அலுவலகப் பார்டிஷன்கள் பலவும் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும், மேலே கான்கிரீட் தளம்வரை போகாது. கீழே அழகான கண்ணாடிச் சுவர், மேலே அறைக்கு அறை திறந்த வெளி. பேச்சு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கும். மேலே ஜிப்சம் போர்டு வைத்து மூட முடிந்தால் மூடிவிடுங்கள். முடியாவிட்டால் சுவரின் மேல் ரெண்டு பக்கமும் கனமான கண்ணாடியிழைப் போர்வையைப் பரப்பினாலும் கொஞ்சம் குறையும். அடுத்தது கதவின் அடி. அந்த இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் பேச்சும் வெளியே வருகிறது என்று அர்த்தம். கதவைச் சாத்தும்போது தானாக இறங்கும் அடிச்சீல் கிடைக்கிறது, போடுங்கள். ரெண்டு அறைகளுக்கும் பொதுவான ஏசி குழாய், முதுகோடு முதுகாக வைத்த பிளக் பாயின்ட்டுகள் இவற்றையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

திறந்த கூடத்தில் தடுக்கச் சுவர் கிடையாது. அங்கே சீலிங்தான் முக்கியம், நன்றாக உறிஞ்சும் பலகை வேண்டும். உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரம். மேசைத் தடுப்பு அதற்கு மேலே தாராளமாக எழும்பவில்லை என்றால் அது தடுப்பு அல்ல, அலங்காரம்.

ஸ்பீக்கர் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து

வழக்கமான முறை, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு, வாயை கான்கிரீட் தளத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பது. ஒலி மேலே மோதிச் சிதறி, பலகைகள் வழியாகப் பரவலாக இறங்கும். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு முறை, சிறிய ஸ்பீக்கர்களைச் சீலிங்கில் துளையிட்டுக் கீழே பார்த்துப் பொருத்துவது. மேலே இடமில்லாத கட்டடங்களுக்கு அது வசதி, ஆனால் எண்ணிக்கை அதிகம் வேண்டும்.

இடைவெளியைச் சீலிங் உயரமும் ஸ்பீக்கரின் ரகமும் தீர்மானிக்கும், தயாரிப்பாளர் சொன்னதற்கு மேல் நீட்டாதீர்கள். ஏசி காற்று திரும்பிப் போகும் சீலிங் கிரில்களுக்கு நேர் மேலே வைக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாக இரைச்சல் கொட்டும், கீழே உட்கார்ந்திருப்பவர் முதல் நாளே புகார் கொடுப்பார். அடுத்தடுத்த ஸ்பீக்கர்களுக்கு ஒரே இரைச்சலைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நடந்து போகும்போது 'வ்வூஊ' என்று ஒலி சுழல்வது தெரியும். நல்ல கருவிகளில் இரைச்சலை உண்டாக்கும் பகுதிகள் தனித்தனியாக இருக்கும், வயரிங் செய்பவர் மாற்றி மாற்றி இணைத்தாரா என்று பாருங்கள்.

கேபினைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் கதவுக்கு வெளியே, அப்புறம் ஒட்டினாற்போல இருக்கும் ரெண்டு பக்க அறைகளிலும் ஒலி இருக்க வேண்டும். பக்கத்து அறையை மறந்துவிடுவார்கள். எப்போதும் மறப்பது அதைத்தான்.

எந்த ஒலி, எவ்வளவு

வொயிட் நாய்ஸ் என்று கேட்டு வாங்காதீர்கள். அது சீறும். மேல் அதிர்வெண்களில் வலு ஜாஸ்தி, அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். மறைப்பொலி மேலே போகப் போக இறங்க வேண்டும், ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும், ஏறக்குறைய 5 டெசிபல் வீதம். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழு திறந்த அலுவலகங்களுக்காக உருவாக்கிய வளைவு அப்படித்தான் இறங்கும். காதுக்கு அது தூரத்து ஏசிக் காற்றுபோல இருக்கும், யாரும் அதை ஒரு பொருளாகவே எண்ண மாட்டார்கள். பாட்டு, பறவைக் கூச்சல் இதெல்லாம் வேண்டாம். அவற்றில் இடைவெளி வரும், அந்த இடைவெளியில் பேச்சு தெளிவாகக் கேட்கும். போதாததற்கு, மனம் பாட்டைப் பின்தொடரும்.

அளவுக்கு வருவோம். திறந்த கூடத்தில் 45 டெசிபலுக்குப் பக்கத்தில் நிறுத்துவேன், 48தான் கூரை. அதற்கு மேல் போனால் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள், மறுபடி லொம்பார். ஒட்டியிருக்கும் மூடிய அறைகளுக்குள் வைப்பதென்றால் 40, 42 போதும். இங்கே சொல்லும் டெசிபல் எல்லாம் மீட்டரில் ஏ-வெயிட்டிங் (மனிதக் காது உணர்வதற்கு ஏற்ப அளக்கும் அமைப்பு) வைத்து எடுத்தது. கைபேசிச் செயலி தோராயத்துக்கு உதவும், வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட உதவாது.

சராசரி எண்ணைவிட சமச்சீர்தான் முக்கியம் என்பது என் பிடிவாதம். பேச்சுத் தெளிவைக் கணக்கிடும் பழைய முறையில், ஒன்றும் புரியாத நிலைக்கும் முழுக்கப் புரியும் நிலைக்கும் நடுவே மொத்தம் 30 டெசிபல்தான். ஒரு டெசிபல் மாறினால் நூற்றுக்கு மூன்று புள்ளி போய்விடும். ஒரு மூலையில் 45, இன்னொரு மூலையில் 41 என்று இருந்தால், அந்த இரண்டாவது மூலையில் இருப்பவருக்கு நீங்கள் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். மேசை நாற்காலி, தடுப்பு எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, காது உயரத்தில் மைக்கைப் பிடித்து, இடம் இடமாக அளந்து, ஈக்வலைசரில் அதிர்வெண் பட்டை பட்டையாகக் கூட்டிக் குறைத்துத் திருத்த வேண்டும். காலி ஹாலில் செய்த டியூனிங்கை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மெல்ல ஏற்றுங்கள்

முதல் நாளே 45இல் போட்டால் "இது என்ன இரைச்சல்" என்று எல்லோரும் தலையைத் தூக்குவார்கள். 39, 40இல் ஆரம்பித்து, சில வாரங்களில் ஒவ்வொரு டெசிபலாக ஏற்றுங்கள். பல கருவிகளில் இதைத் தானாகச் செய்யும் வசதி இருக்கிறது. ஊழியர்களிடம் சொல்லாமல் செய்யலாமா என்று நிர்வாகிகள் கேட்பார்கள். சொல்லிவிடுங்கள், பின்னால் தெரிந்தால் 'ஒட்டுக்கேட்கும் கருவி' என்று கதை கட்டிவிடுவார்கள். ஆனால் போட்டுக் காட்டி, அணைத்துக் காட்டி விளையாட வேண்டாம். அணைத்த நொடியில்தான் அது பெரிதாகத் தெரியும்.

காது கேட்கும் கருவி அணிபவர், காதில் ஓயாத இரைச்சல் உள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று முன்பே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பகுதியை ஒரு தனி மண்டலமாக்கிக் குறைத்து வைக்கலாம். இதற்காகவே மண்டலங்களைச் சின்னதாக வைக்கச் சொல்கிறேன். மாலையில் ஆள் குறையக் குறைய அளவும் தானாக இறங்கும்படி நேரம் வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு அறைதான், பெரிய செலவு முடியாது என்றால்: விசிறி வைத்து ஓடும் சிறிய நாய்ஸ் மெஷின் ஒன்றைக் கதவுக்கு வெளியே, தரையோரம், சுவரைப் பார்த்து வையுங்கள். ஆலோசகர்கள் அறை வாசலில் இப்படி வைப்பது உண்டு. கைபேசியில் மழைச் சத்தத்தைச் சுழலவிட்டால், அது முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தைக் காது கண்டுபிடித்துவிடும். அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கூடத்துக்கான ஐஎஸ்ஓ 3382-3 தரம், பேச்சுக் கடத்துக் குறியீடு (பேச்சு எவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்கிறது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்) 0.50க்குக் கீழே இறங்கும் தூரத்தைக் கவனச்சிதறல் தூரம் என்கிறது. 5 மீட்டர் வந்தால் நல்ல அலுவலகம். அதாவது அந்த 5 மீட்டருக்குள் பேச்சு புரியும், மாஸ்கிங் போட்டாலும் புரியும். பக்கத்து நாற்காலிக்காரரிடமிருந்து மறைக்க வேண்டிய பேச்சைக் கூடத்தில் பேசவே கூடாது, அறைக்குப் போக வேண்டும். ஸ்பீக்கர்போனில் கத்துகிறவருக்கும் என்னிடம் மருந்து இல்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறவர்களிடமிருந்தும் இது காப்பாற்றாது.

கன்ட்ரோல் பெட்டியைப் பூட்டி, சாவியையும் பாஸ்வேர்டையும் ஒருவரிடம் கொடுங்கள். திறந்து கிடந்தால் புகார் வரும்போதெல்லாம் யாராவது ஒரு டெசிபல் குறைப்பார்கள், திரும்ப ஏற்ற ஆள் வராது. பார்டிஷன் மாற்றினாலோ, கார்ப்பெட்டை எடுத்தாலோ, மேசைகளை நகர்த்தினாலோ மறுபடி அளக்க வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை அந்தப் படம், தடம் பட்டியலை வாசித்துப் பாருங்கள். போன வருடம் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருந்தால், இந்த வருடத் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.